ஓடாவியும் பண்டிதரும்

சில மாதங்களுக்கு முன் மெல்பேணிலிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. எழுதியவர் என் பழைய மாணாக்கர். நெடுந்தீவிலே பிறந்து, யுத்த காலத்திலே புலம்பெயர்ந்து, இன்று அந்நகரிலே கணக்காளராய் உத்தியோகம் பார்ப்பவர். குடும்ப நலம், பிள்ளைகளின் தமிழ்ப்படிப்பு, குளிர் என்னும் வழக்கமான செய்திகளுக்குப் பின்னர் ஒரு புதுச்செய்தி இருந்தது. சனிக்கிழமைதோறும் அயலவர் அறுவருடன் சேர்ந்து ஒரு கொட்டகையிலே மரத்தோணி கட்டுகிறாராம். அந்த அறுவரில் ஒருவர் இளைப்பாறிய பல்வைத்தியர். ஒருவர் பேருந்துச் சாரதி. ஒருவர் பாடசாலை ஆசிரியை. ஒருவரேனும் தச்சர் அல்லர்; ஒருவரேனும் மீன்பிடித்துச் சீவிப்பவர் அல்லர். விற்பதற்காகவும் கட்டவில்லை. கட்ட வேண்டுமென்ற ஆசையினாலே கட்டுகிறார்கள்.

கடிதத்தின் கடைசிப் பகுதிதான் என்னை வருத்தியது. "ஐயா, தோணியின் அடியில் நீளப்பாட்டிலே கிடக்கும் நடு மரத்துக்கு நம்மூரில் என்ன பெயர்? விலாவெலும்பு போல வளைந்து நிற்கும் மரங்களுக்கு என்ன பெயர்? இவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் கடலோடிகளின் வழியிலே வந்தவன் என்று பெருமையடித்துவிட்டேன். பெயர் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் பண்டிதர், உங்களுக்குத் தெரியாமல் இராது."

எனக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்குக் கிட்டத் தமிழ் கற்பித்து வருகிறேன். நான் குடியிருக்கும் வீட்டுக்கும் தோணிகள் ஏற்றியிருக்கும் கரைக்கும் இடையே கூப்பிடு தூரந்தான். ஆயினும் தெரியாது. இது கூறுதற்கு வெட்கமான செய்தி. ஆயினும் இதைக் கூறாமல் மேலே எழுத இயலாது.

பண்டிதனுக்கு ஐயம் வந்தால் அவன் முதலில் நாடுவது நிகண்டு. திவாகரத்தை எடுத்தேன், பிங்கலத்தை எடுத்தேன், சூடாமணியையும் புரட்டினேன். வங்கம், நாவாய், கலம், அம்பி, திமில், பஃறி, ஓடம், புணை எனக் கடலிற் செல்வனவற்றுக்கும் ஆற்றிற் செல்வனவற்றுக்கும் பெயர்கள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. பாய்மரத்துக்குக் கூம்பு என்று பெயர் உண்டு. பாய்க்கு இதை என்று பெயர் உண்டு. அடியில் கிடக்கும் மரத்தையும் விலா மரங்களையும் தேடிய எனக்கு அவை அங்கே அகப்படவில்லை. சற்றே சிந்தித்தபோது காரணமும் புலப்பட்டது. கரையில் நிற்பவனுக்குத் தெரிவன கூம்பும் பாயுமே. பலகைக்கு உள்ளே இருப்பனவற்றைக் கட்டியவனும் பழுதுபார்த்தவனும் அன்றி வேறெவரும் காண்பதில்லை. நம் புலவர் பெருமக்கள் கப்பலைக் கரையில் நின்று பார்த்துப் பாடினார்கள். நாமோ அவர்கள் பாடியதைத் திண்ணையில் இருந்து படித்தோம்.

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியிலே சில சொற்கள் கிடைத்தன. ஆயினும் அவை நம்மூர் வழக்குத்தானா என்று அகராதி சொல்லாது. ஆகவே, குடையை எடுத்துக்கொண்டு மாவிலித்துறைப் பக்கமாக நடந்தேன்.

அங்கே பூவரச மர நிழலிலே எண்பது வயதைத் தாண்டிய ஓடாவியார் ஒருவர் இருப்பது ஊரறிந்த செய்தி. ஓடாவி என்றால் மரக்கலந் தைக்கும் தச்சன். இந்தச் சொல்லை இளையோர் அறியார் ஆதலின் கூறிவைக்கிறேன். அவர் முன்னே ஒரு பழைய வத்தை கவிழ்த்துக் கிடந்தது. ஒரு காலத்திலே பாயேற்றி ஊர்காவற்றுறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சரக்கேற்றிச் சென்ற வகையைச் சேர்ந்தது. இப்போது அதன்மேல் வலை காயப்போட்டிருந்தார்கள்.

"என்ன பண்டிதர், இந்த வெயிலுக்கை?" என்றார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து கவிழ்ந்த வத்தையின் முதுகிலே கையை வைத்தார். தலையிலிருந்து வால்வரை தடவிக்கொண்டே சொன்னார்: "இது ஏரா. இது பிழைச்சால் எல்லாம் பிழை. முன்னுக்கு அணியம், பின்னுக்கு அமரம். உள்ளுக்கை வளைஞ்சு நிக்கிறது வங்கு. பலகையளைப் பிடிச்சு வைச்சிருக்கிறது அதுதான்." பாய் ஏற்றும் கயிறு ஆஞ்சான் என்றார், பாயின் நுனியை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான் என்றார். அரைமணி நேரத்திலே என் கொப்பியில் முப்பதுக்கு மேற்பட்ட சொற்கள் ஏறிவிட்டன. மூன்று நிகண்டும் தராதவற்றை ஒரு கிழவரின் உள்ளங்கை தந்தது.

சொல்லோடு சேர்ந்து பொருளும் வந்தது. வங்குக்கு நேரான மரத்தை அறுத்து வளைத்துச் செய்வதில்லையாம். மரத்திலேயே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி எடுப்பார்களாம். வளைவின் வழியே நார் ஓடும் ஆதலின் அது முறியாது. பூவரசிலும் வேம்பிலும் அப்படிப்பட்ட கொம்பு எங்கே நிற்கிறது என்று ஓடாவிமார் தெருவால் போகும்போதே பார்த்துவைப்பார்களாம். "உங்கட வளவிலை கிணத்தடிப் பூவரசிலை ஒரு கொப்பு நிண்டது. கொய்யப்பாவிட்டை கேட்டனான், தரேல்லை" என்றார். அறுபது ஆண்டுக்கு முந்திய ஏமாற்றம் அவருக்கு இன்னும் ஆறவில்லை போலும்!

பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள நீக்கலிலே பஞ்சைத் திரித்து வைத்து உளியால் அடித்து இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவதற்குக் கலப்பற்று என்று பெயர். கலத்தைப் பற்றிநிற்பது கலப்பற்று என்று பண்டித மூளை உடனே பிரித்துப் பார்த்து மகிழ்ந்தது. போர்த்துக்கேயர் அத்தொழில் செய்வோனைக் கலஃபாத்தே என்று கூறுவர் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. சொல் எந்தத் துறையில் ஏறி எந்தத் துறையில் இறங்கியதோ! கடற்சொற்களுக்குக் குலங்கோத்திரம் விசாரிப்பது வீண்வேலை. நங்கூரத்தையும் பாரசீகத்தார் தமதென்பர்.

இனி, மெல்பேண் கொட்டகைக்குத் திரும்புகிறேன். அந்த அறுவரை ஏதோ விநோதப் பிராணிகள் என்று எண்ணிவிடல் ஆகாது. அவுஸ்திரேலியாவிலே இது ஒரு பெரிய வழக்கம். டஸ்மேனியாத் தீவின் தலைநகராகிய ஹோபார்ட்டிலே 1994ஆம் ஆண்டு தொடங்கி ஈராண்டுக்கொருமுறை மரக்கலங்களுக்கென்றே ஒரு திருவிழா நடைபெறுகிறது. பாட்டன் கட்டியதைப் பேரன் புதுப்பித்துக் கொண்டுவருவான். கொல்லையிலே தானே கட்டியதை ஒரு குமாஸ்தா கொண்டுவருவார். அத்தீவிலே ஹுவோன் பைன் என்றொரு மரம் உண்டு. மிக மெதுவாக வளர்வது. ஆயிரம் ஆண்டைக் கடந்து நிற்பனவும் உள. அதன் எண்ணெய்ப் பசை காரணமாக எளிதில் உளுக்காது. நம் வேம்பின் கைப்புக்கும் புழு அஞ்சும் என்பது ஓடாவியார் வாக்கு. அங்கே இன்று பச்சை மரத்தை வெட்டுவதில்லை. முன்னரே விழுந்தும் நீரில் அமிழ்ந்தும் கிடப்பவற்றை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

இத்தகைய பொழுதுபோக்குக் கட்டுநரை உண்டாக்கியதில் ஒரு நாளேட்டுக்கும் பங்குண்டு என்பதை இந்த நாளேட்டின் வாசகர்கள் அறிதல் நன்று. இலண்டன் ‘டெய்லி மிறர்’ பத்திரிகை 1963ஆம் ஆண்டிலே ஒரு சிறு பாய்த்தோணியை அறிமுகஞ் செய்தது. நீளம் பதினோரடிக்கு இரண்டங்குலம் குறைவு. ஒட்டுப்பலகைத் துண்டுகளின் ஓரங்களிலே துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, பொருத்துகளிலே பசை பூசி ஒட்டிவிடுவது. தச்சுவேலை அறியாதவரும் வீட்டிலே கட்டலாம். பத்திரிகையின் நிறம் என்று சிவப்புப் பாய் வைத்தார்கள். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட தோணிகள் அந்த வகையில் உருவாயின; அவுஸ்திரேலியாவிலும் அது பரவிற்று. பலகையைத் தைப்பது புதுமை என்று அவர்கள் வியந்திருத்தல் கூடும். சென்னைக் கரையின் மசூலாப் படகுகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை என்பதை நாம் அறிவோம். அறிந்து என்ன பயன்? தைக்கும் ஊசி நம் கையில் இல்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்த கருத்து நிற்கிறது. மரக்கலக் கலை நம்மிடம் அழிந்துகொண்டிருப்பதற்குக் கண்ணாடியிழைப் படகு வந்ததே காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் படகு அவுஸ்திரேலியாவுக்கும் வந்ததே. அங்கே மரத்தோணியை வயிற்றுப்பாட்டுக்காகக் கட்டியவர்கள் குறைந்தபோது, வயிற்றுப்பாட்டுக்குத் தொடர்பில்லாதவர்கள் உளியை எடுத்தார்கள். பல்வைத்தியர் எடுத்தார், ஆசிரியை எடுத்தார். இங்கே ஓடாவியின் மகன் உளியைக் கீழே வைத்தபோது அதை எடுக்க ஒருவரும் குனியவில்லை. நம்மிடையே தொழில் குலத்தோடு பிறப்பது. குலத்தார் விட்டால் தொழிலும் விட்டது. அயலான் அதைத் தொட்டால் அவனுக்கு இழுக்கு.

ஓடாவியின் மகனைக் குறைகூற எனக்கு வாயில்லை. அவர்களை நாம் எந்தத் திண்ணையில் இருத்தினோம், எந்தக் குவளையில் தேநீர் கொடுத்தோம் என்பது ஊருக்குத் தெரியும். அந்த உளியோடு அந்தக் குவளையும் ஒட்டிக்கொண்டு வந்தபடியால் இரண்டையும் ஒருங்கே எறிந்துவிட்டு அவன் கொழும்புக்கும் கனடாவுக்கும் போனான். போனது நியாயம். அநியாயம் நம்முடையது: உளியை மட்டும் தனியே எடுத்து, அதற்குரிய மரியாதையோடு வைத்துக்கொள்ள நமக்குத் தெரியவில்லை.

நான் எட்ட நின்று தீர்ப்புக் கூறுவதாக எண்ணவேண்டாம். மெல்பேண் கடிதத்திலே நான் இதுவரை சொல்லாத ஒரு வரியுண்டு. "சிறுவயதில் பள்ளி விட்டதும் ஓடாவியாரின் கொட்டிலுக்குப் போய்விடுவேன். நீங்கள் ஒருநாள் வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். படிக்கிற பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டீர்கள்." மாணாக்கர் இதைக் குற்றமாக எழுதவில்லை, வேடிக்கையாகவே எழுதியிருந்தார். எனக்கு அந்த நாள் நினைவில் இல்லை. எத்தனை காதுகளை இழுத்திருந்தால் ஒரு காது நினைவில்லாமற் போகும்! அன்று இலவசமாகக் கிடைத்த வித்தையை அவர் இன்று கடல் கடந்து, சனிக்கிழமைகளைச் செலவிட்டு, ஒரு பல்வைத்தியரிடம் கற்கிறார்.

நம் கைத்திறனைப் பிறர் வந்து மதித்த கதை பழையது. 1930இல் வல்வெட்டித்துறையிலே மேத்திரிமார் கட்டிய ‘அன்னபூரணி’யை எல்லோரும் அறிவர். எண்பத்தொன்பது அடி நீளம், பத்தொன்பது அடி அகலம், இரண்டு பாய்மரங்கள். அதை வாங்கியவர் வில்லியம் றொபின்சன் என்னும் அமெரிக்கர். அவர் வணிகர் என்ற முறையில் வாங்கவில்லை. அதற்கு முன்னரே ‘ஸ்வாப்’ என்னும் சிறு பாய்க்கலத்திலே உலகைச் சுற்றிவந்தவர். கலத்தின்மேல் காதல் கொண்டு வாங்கினார். தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமிகளும் 1937இல் அதைக் கொழும்பிலிருந்து செலுத்திச் சூயஸ் கால்வாய், ஜிப்ரால்டர், பெர்மியூடா வழியாக 1938 ஓகஸ்ட் முதலாந் திகதி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்திலே சேர்த்தார்கள். இதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். விழா மலர்தோறும் அச்சிடுகிறோம். கப்பல் போன கதையைச் சொல்கிறோமே ஒழிய, அதன் ஏராவை எந்த முறையில் கிடத்தினார்கள், வங்குகளுக்கு அளவு என்ன, எத்தனை பேர் எத்தனை மாதம் வேலை செய்தார்கள் என்று அந்த மலர்களில் நான் படித்ததில்லை. வாங்கியவர் புத்தகம் எழுதினார். கட்டியவரிடம் போய் எழுதுகோலோடு இருக்க ஒரு வாத்தியாருக்காவது தோன்றியிருக்கலாம். அக்காலத்து யாழ்ப்பாணத்திலே வாத்தியார்களுக்குப் பஞ்சமா?

இந்தக் கரைகளின் தோணிகளை அளந்து எழுதியவரும் ஓர் ஆங்கிலேயரே. சென்னை அரசாங்கத்தின் மீன்பிடித் துறைப் பணிப்பாளராய் இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல், இந்தியக் கரைகளின் தோணி வகைகளைப் பற்றிய தம் ஆராய்ச்சியை 1920இல் வெளியிட்டார். நம் பங்குக்குச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தார் 1950இல் ‘கப்பல் சாத்திரம்’ என்னும் பழஞ்சுவடியை அச்சேற்றினர். நல்ல பணி. மரத்தின் குணங் குற்றமும் நிமித்தமும் பலனும் அதிலே காணலாம். ஆயினும் ஏட்டைப் பார்த்து ஒரு தோணி கட்டிவிட முடியுமென்று எந்த ஓடாவியும் ஒப்பமாட்டான். இந்தியக் கடற்படை 2025 மே மாதத்தில் ‘கௌண்டின்யா’ என்னும் தைத்த கப்பலைத் தன் அணியிலே சேர்த்தது. அஜந்தாக் குகையோவியம் ஒன்றைக் கொண்டு வடிவம் வகுத்தார்கள், பொறியியலாளர் கணக்கிட்டார்கள். ஆனால் பலகையைத் தைப்பதற்குக் கேரளத்து ஓடாவி பாபு சங்கரனையும் அவர் குழுவினரையுமே அழைக்கவேண்டியிருந்தது. அவர்களும் இல்லாதிருந்தால் ஓவியம் ஓவியமாகவே சுவரில் இருந்திருக்கும்.

கண்ணாடியிழைப் படகைப் பற்றியும் நேர்மையாக ஒன்று கூறவேண்டும். அதை நான் பழிக்க வரவில்லை. நோர்வேயிலே வாழ்ந்த அன்ரனி இராஜேந்திரம் அவர்களின் முயற்சியால் 1967இல் காரைநகரிலே தொடங்கிய சீநோர் நிறுவனம் அவ்வகைப் படகுகளை நம் தீவகத்திலேயே உண்டாக்கியது. ஏழைக் கடற்றொழிலாளருக்கு அது பெரும் உபகாரம். மரத்தோணியைக் காலந்தோறும் கரையேற்றிச் சுரண்டி, கலப்பற்று வைத்து, எண்ணெய் பூசி, தேய்ந்த பலகை மாற்றும் செலவை யார் தாங்குவர்? வெளியிணைப்பு இயந்திரத்தைப் பூட்டி விடியுமுன் போய் வெயிலேறுமுன் திரும்புகிறவனைப் பார்த்து, ‘நீ பாயேற்றிப் போ, அதுதான் பண்பாடு’ என்று சொல்ல எந்தப் பண்டிதனுக்கும் உரிமையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நமக்குக் கண்ணாடியிழை கற்பிக்க உதவிய அதே நோர்வே, தன் அயல் நாடுகள் நான்குடன் சேர்ந்து, பலகைமேல் பலகை படியத் தைக்கும் தன் பழைய மரத்தோணி மரபை 2021இல் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏற்றுவித்தது. தொழிலுக்குக் கண்ணாடியிழை, மரபுக்கு மரம். இரண்டையும் வைத்துக்கொள்ள அவர்களால் முடிந்தது. நாம் ஒன்றைப் பெற்றபோது மற்றதைக் கைநழுவ விட்டோம்.

நண்பர் ஒருவரிடம் இதைக் கூறியபோது, "அவுஸ்திரேலியாக்காரனுக்குக் காசுண்டு, ஓய்வுண்டு, நமக்கேது?" என்றார். கடற்றொழிலாளிக்கு ஓய்வில்லை என்றால் ஒப்புக்கொள்வேன். ஆசிரியனாகிய எனக்கு ஓய்வில்லை என்றால் என் மனைவியே நம்பமாட்டாள். சனிக்கிழமை பிற்பகல்களை நாம் எங்கே செலவிடுகிறோம் என்பதை எழுதப் புகுந்தால் இக்கட்டுரை வேறு திசையிற் போய்விடும். மரம் விலையென்பது உண்மை. ஆனால் முதலிற் செய்யவேண்டியது புதிது கட்டுவதன்று. கிடக்கும் ஒன்றைப் பழுதுபார்ப்பது. மூன்று வங்கும் நாலு பலகையும் மாற்றினால் எழும்பக்கூடிய வத்தைகள் தீவகத்துக் கரைகளிலே கோழிக்கூடாகவும் விறகாகவும் ஆகிக்கொண்டிருக்கின்றன. உயர்தர வகுப்பிலே 2013 முதல் தொழினுட்பப் பிரிவு என்றொன்று நடைபெறுகிறது. அதைக் கற்கும் ஒரு பிள்ளை தன் ஆய்வுக்கு ஒரு வத்தையை அளந்து வரைந்தால் யார் தடுப்பர்?

"உடைந்த தோணியைத் திருத்தி என்ன காணப்போகிறீர்" என்றும் அதே நண்பர் கேட்டார். அவர் வெளியூர்க்காரர், ஆதலாற் கேட்டார். நெடுந்தீவான் அப்படிக் கேட்கமாட்டான். 1985ஆம் ஆண்டு மே மாதம் பதினைந்தாந் திகதி எங்கள் ‘குமுதினி’யிலே நடுக்கடலில் நிகழ்ந்த கொலைகளை நான் இங்கே விரிக்கப்போவதில்லை. கைக்குழந்தையும் தப்பவில்லை என்பதோடு விடுகிறேன். அந்தப் படகை நாங்கள் எறிந்துவிடவில்லை. கழுவினோம், திருத்தினோம், மீண்டும் அதிலே ஏறிக் குறிகட்டுவானுக்குப் போனோம். பிறகும் பலமுறை பழுதாகிப் பலமுறை திருத்தப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாளிலே மாவிலித்துறையில் விளக்கேற்றுகிறோம். ஒரு கலத்தைப் பழுதுபார்ப்பது என்றால் என்ன என்பதை எங்களுக்கு ஹோபார்ட்டிலிருந்து ஒருவர் வந்து சொல்லித் தரவேண்டியதில்லை. சொல்லித் தரவேண்டியது ஒன்றே: உளியை எப்படிப் பிடிப்பது. அதைச் சொல்லித் தரக்கூடியவர் பூவரசு நிழலிலே இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டிவிட்டார்.

சொற்பட்டியலை ஓடாவியாருக்குப் படித்துக்காட்டித் திருத்தி மெல்பேணுக்கு அனுப்பினேன். படித்து முடித்தபின் அவரிடம் மெல்லக் கேட்டேன்: "இந்த வத்தையைத் திருத்தலாமோ? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

அவர் வெகுநேரம் கடலைப் பார்த்தார். "பொடியள் வருவாங்கள், பண்டிதர். தாய் தேப்பன் விடுவினமே? நீங்களே ஒருக்கா வந்து இழுத்துக்கொண்டு போனனீங்கள்" என்றார். அவருக்கும் நினைவிருக்கிறது! எனக்கு மட்டுந்தான் மறந்துவிட்டது.

"முதல்லை நான் வாறன்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் இருந்தேன். தெருவாற் சென்ற இருவர் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நடந்தார்கள். அன்று மாலையே ஊர் முழுவதும் பேசியது என்பது வேறு. ஓடாவியார் பழைய பஞ்சை நோண்டி எடுக்கச் செய்தார். கை முழுவதும் கருங்கீல் பிடித்தது. பிறகு புதுப்பஞ்சைத் திரித்துத் தந்து, மழுங்கிய உளி ஒன்றையும் கொட்டாப்புளியையும் என் கையில் வைத்தார். நான் ஓங்கி அடித்தேன். பஞ்சு நீக்கலுக்குள் போகாமல் பலகையின் விளிம்பு சிதறிற்று.

"மெல்ல, பண்டிதர். அது பலகை, பொடியன்ரை காதில்லை" என்றார்.

இதுவரை ஐந்து சனிக்கிழமைகள் ஆகின்றன. நான்கு மாணாக்கர் வந்தார்கள். ஒருவனைத் தாயார் வந்து அழைத்துச் சென்றார். மூவர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருத்தி பெண்பிள்ளை. கலப்பற்றிலே அவளுடைய கை என் கையைவிட நேராக ஓடுகிறது. ஏராவிலே இரண்டு முழ நீளத்துக்கு உளுத்துவிட்டது. அதற்கு நல்ல வேம்பு வேண்டும். தீவகத்திலோ வலிகாமத்திலோ காற்றுக்கு விழுந்த முதுவேம்பு எவருடைய வளவிலாவது கிடந்தால், விறகுக்கு அறுக்குமுன் எனக்கு ஒரு வரி எழுதிப்போடும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வளைந்து வளர்ந்த பூவரசங் கொப்பு இருப்பினும் தெரிவிக்கலாம். எங்கள் கிணற்றடிப் பூவரசு 2008ஆம் ஆண்டுப் புயலிலே சாய்ந்துவிட்டது.